கெய்லுக்கு வாங்கிய நம்பர் பிளேட்

நம்பர் பிளேட்டில் தன் பெயரைப் போட்டுக்கொண்டு திரிகிறவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பர்ஸ்லெம் என்கிற ஆங்கிலேய ஊரில் ஒரு கார் சாமான் கடையில் இருபத்திரண்டு வருடமாக நிற்கிறேன். வைப்பர், பல்பு, எஞ்சின் ஆயில் விற்பதோடு நம்பர் பிளேட் அடித்துக் கொடுப்பதும் என் வேலை. முன்பக்கத்துக்கு வெள்ளை, பின்பக்கத்துக்கு மஞ்சள். காகிதத்தைப் பார்த்து, ஆள் அடையாளத்தைப் பார்த்து, எழுத்தை அச்சடித்து, பிளாஸ்டிக் தகட்டில் ஒட்டிக் கொடுக்கப் பத்து நிமிடம் போதும். சாதாரண நம்பர்காரர்கள் வாய் திறக்காமல் வாங்கிக்கொண்டு போவார்கள். பெயராகப் படிக்கிற மாதிரி நம்பரைக் காசு கொடுத்து வாங்கிய பெயர் நம்பர்காரர்கள் இருக்கிறார்களே, அவர்களோடு மல்லுக்கட்ட எனக்குத் தனிச் சம்பளம் கொடுக்க வேண்டும். "இந்த இடைவெளியக் கொஞ்சம் ஒட்டிப் போடு", "அந்த அஞ்சக் கொஞ்சம் வளைச்சு 'எஸ்' மாதிரி விடு" என்று நிற்பார்கள். சட்டம் விடாது என்றால், சட்டத்தை எழுதினவனே நான்தான் என்பதுபோல முறைப்பார்கள்.

நெவில் புளோர் தன் பெயரைப் போட வரவில்லை. மகள் பெயரைப் போட வந்தார். அதனால் அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. பிறகு வந்தது, அது வேறு விஷயம்.

எங்கள் கடைக்கு நேர் எதிரே ஆரம்பப் பள்ளி. காலை எட்டேகாலிலிருந்து ஒன்பது வரையும், பிற்பகல் மூன்றிலிருந்து மூன்றே முக்கால் வரையும் பிள்ளைகளைச் சாலை கடக்கவைப்பது நெவிலின் வேலை. முழங்கால் வரை மஞ்சள் கோட்டு, தலையில் தொப்பி, கையில் ஆள் உயரக் கம்பு, அதன் உச்சியில் 'நில்' என்று எழுதிய வட்டத் தகடு. கம்பு குச்சிமிட்டாய் மாதிரி இருப்பதால் ஊரில் அவரை லாலிபாப்காரர் என்பார்கள். அதற்கு முன்னால் முப்பத்து நான்கு வருடம் பஸ் ஓட்டினார். வயது எழுபத்து மூன்று. முதுகு கொஞ்சமும் வளையவில்லை. குரல் மட்டும் பஸ்ஸின் கடைசி சீட்டுக்குக் கேட்கிற குரல்.

குளிர்நாளில் ஒன்பது அடித்ததும் கடைக்குள் வந்து ஹீட்டர் பக்கத்தில் நிற்பார். நான் டீ கொடுப்பேன். அவர் எதையாவது வாங்க வேண்டுமே என்று பார்ப்பார். அவரிடம் கார் கிடையாது. ஆகவே சாவிக்கொத்து வாங்குவார். நாலு வருடத்தில் என்னிடம் பதினொரு சாவிக்கொத்து வாங்கியிருக்கிறார். அவர் வீட்டுக்கு உள்ளதோ ஒரே ஒரு சாவி.

பள்ளிக்கு விடுமுறை விட்டால் ஊரே கொண்டாடும். நெவில் மட்டும் கடுகடுவென்று இருப்பார். ஒருமுறை ஈஸ்டர் விடுமுறைக்கு முந்தின நாள் கேட்டேன்.

"என்ன நெவில், ரெண்டு வாரம் லீவு. எங்கயாச்சும் கடற்கரைப் பக்கம் போயிட்டு வர்றதுதானே?"

"போய்?"

"போய் உக்காந்து பாக்கிறது."

"யார்கிட்ட சொல்றது, 'அங்க பாரு, கடல்'னு?"

 அவரே சொன்னார். "வெள்ளிக்கிழமை கடைசிப் பிள்ளையக் கடத்திவிட்டா, திங்கக்கிழமை காலையில முதல் பிள்ளைக்கு 'வா கண்ணு'ன்னு சொல்ற வரைக்கும் நான் வாயத் தொறக்கிறதில்ல. போன திங்கக்கிழமை தொண்டையே அடைச்சுப்போச்சு. இருமி இருமித்தான் சத்தம் வந்துச்சு."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். இந்த ஊர்க்காரர்கள் அழ வேண்டியதையெல்லாம் சிரித்துக்கொண்டே சொல்லிப் பழகியவர்கள். ஆரம்பத்தில் நானும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு, வீட்டுக்குப் போனபிறகு வருத்தப்படுவேன்.

அவருக்கு ஒரே மகள், கெய்ல். ஆறு மைல் தள்ளி பிடல்ஃபில் தனியாக இருக்கிறாள். அப்பனுக்கும் மகளுக்கும் நடுவில் ஒரு இரவு கிடக்கிறது. நெவிலின் மனைவி பெரில் ஆஸ்பத்திரியில் கண்ணை மூடிய இரவு. "பிள்ளையத் தூக்கத்துல எழுப்பாதீங்க, அவ காலைல வேலைக்குப் போகணும்" என்று பெரில் சொல்லியிருக்கிறாள். நெவிலும் சொன்ன சொல் தட்டாமல் உட்கார்ந்திருந்தார். காலை ஏழு மணிக்கு மகளைக் கூப்பிட்டபோது எல்லாம் முடிந்துபோயிருந்தது. "ஒரு ஃபோன் பண்ணியிருக்கலாமே" என்றாளாம் கெய்ல். அதற்கு மேல் சண்டை போடவில்லை. சண்டை போட்டிருந்தால் ஒரு வருடத்தில் ஆறியிருக்கும். கிறிஸ்துமஸுக்கு ஒரு வாழ்த்து அட்டை, பிறந்தநாளுக்கு ஒரு ஃபோன், "நல்லாருக்கியா", "நல்லாருக்கேன்", "அங்க மழையா", "மழைதான்". இப்படியே ஐந்து வருடம். போகாமல் கெட்டது உறவு என்று சும்மாவா சொன்னார்கள்?

லாலிபாப் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே நெவில் ஒன்றைப் பார்த்துவிட்டார். எட்டு இருபதுக்குக் கெய்லின் கார் அந்தச் சாலை வழியாகத்தான் வேலைக்குப் போனது. சாம்பல் நிறக் கார். அவர் நடுச்சாலையில் கம்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். மகள் காரை நிறுத்திவிட்டு உள்ளே உட்கார்ந்திருக்கிறாள். அவர் கையைத் தூக்கினார். அவளும் தூக்கினாள். மறுநாளும் தூக்கினாள். அதற்கு மறுநாளும்.

அதைப் பற்றி ஃபோனில் ஒரு வார்த்தை அவளிடம் பேசியதில்லை. "ஏன்?" என்று கேட்டேன். "பேசினா, நிறுத்திட்டாலும் நிறுத்திடுவா. கண்ணு படக் கூடாது" என்றார்.

காலையில் அந்த நேரத்தில் வெயில் நேராகக் கண்ணாடியில் அடிக்கும், மழைநாளில் நீர் வழியும். உள்ளே இருக்கிற முகம் தெரியாது, தூக்கிய கை மட்டும் தெரியும். அதனால் அவர் நம்பரைப் பார்த்துத்தான் மகளை அடையாளம் கண்டார். அந்த நம்பர் அவருக்கு மனப்பாடம். பஸ் ஓட்டின ஆள் அல்லவா, வீட்டுக்காரி பிறந்தநாள் மறந்தாலும் வண்டி நம்பர் மறக்காது.

போன நவம்பர் ஆரம்பத்தில் ஒருநாள், டீயைக் கையில் வாங்கிக்கொண்டு குடிக்காமல் நின்றார்.

"சென், கண்ணு, நீ வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருப்பியா?" என் பெயர் சேந்தன். அது முழுதையும் சொல்ல இந்த ஊர் நாக்குக்குப் பொறுமையில்லை. கண்ணு என்பதில் விசேஷம் ஒன்றும் இல்லை. இங்கே ஆண் பெண் பேதமில்லாமல் எல்லோருக்கும் எல்லோரும் கண்ணுதான்.

"எதப் பத்தி?"

"இருப்பியா மாட்டியா, அதச் சொல்லு."

"இருப்பேன்."

கோட்டுப் பையிலிருந்து நாலாய் மடித்த காகிதத்தை எடுத்தார். பெயர் நம்பருக்கான பத்திரம். முன்னால் கெய்ல் என்ற பெயரின் முதல் இரண்டு எழுத்து, பின்னால் மிச்சம் மூன்று எழுத்து, நடுவில் பத்தொன்பது. யாருக்கு என்கிற இடத்தில் மகளின் முழுப் பெயர். பத்து வருடம் செல்லும் என்று கீழே போட்டிருந்தது.

"இருபத்து மூணாம் தேதி அவளுக்கு அம்பது வயசு. அம்பதுக்கு எல்லாரும் குடுக்கிறாங்களே, நானும் குடுக்கலாம்னு. லைப்ரரியில வேலை பாக்கிற பொண்ணு கம்ப்யூட்டர்ல எடுத்துக் குடுத்தா. எப்படி?"

"பத்தொன்பது எதுக்கு?"

"அவ கார் ரெண்டாயிரத்துப் பத்தொன்பதாம் வருஷக் கார்டா. நீதானே சொல்லுவ, வருஷம் சரியா இருக்கணும்னு."

நான்தான் சொல்லுவேன். நம்பரின் நடுவில் இருக்கிற எண் வருடத்தைக் குறிக்கும். பழைய நம்பரைப் புதுக் காரில் போடலாம், புது வருட நம்பரைப் பழைய காரில் போட விடமாட்டார்கள். கிழவனுக்குச் சாயம் அடித்து மாப்பிள்ளை என்று காட்டக் கூடாது என்பதுதான் சட்டம். அவர் தெரிந்துகொண்டுதான் வாங்கியிருந்தார். இருந்தாலும் கேட்டேன்.

"அவ கார் பத்தொன்பதுதான்னு நிச்சயமாத் தெரியுமா?"

"தினமும் பாக்கிறேன்டா! நம்பரச் சொல்லவா?" சொன்னார். உள்ளே பத்தொன்பது இருந்தது.

"இதுக்குப் பதிலா ஒரு நல்ல குளிர்க்கோட்டு வாங்கிக் குடுத்திருக்கலாம்" என்றேன். என் வாய்க்குக் கட்டுப்பாடு கிடையாது.

அவர் கோபிக்கவில்லை. ஹீட்டரைப் பார்த்துக்கொண்டே பேசினார். "எல்லாக் காரும் சாம்பல் நிறம். எட்டு இருபதுக்கு நாப்பது சாம்பல் கார் வருது. கிட்ட வந்த பிறகுதான் நம்பரப் படிக்க முடியுது. அதுக்குள்ள பாதி நேரம் போயிடுது. பேரு போட்டிருந்தா மேட்டுல வரும்போதே தெரியும். கொஞ்சம் நிமிந்து நிக்கலாம்." டீயை ஒரு வாய் குடித்தார். "இன்னொன்னும் இருக்கு. சாதா நம்பர் காருக்குச் சொந்தம். கார வித்தா கூடவே போயிடும். இது அவளுக்குச் சொந்தம். எந்தக் கார் வாங்கினாலும் எடுத்து மாட்டிக்கலாம். நாளைக்கே அவ கார மாத்திட்டான்னு வையி, எனக்கு எப்படித் தெரியும்?"

"கேட்டாத் தெரியும்."

"உனக்குப் பிள்ளைங்க இருக்கா?"

"ரெண்டு."

"அதான் இப்படிப் பேசற. இன்னும் சின்னப் பிள்ளைங்களா இருக்கும்."

பிளேட்டை அடித்தேன். பத்தொன்பதை மட்டும் கொஞ்சம் சின்னதாகப் போட முடியுமா என்று அவரும் கேட்டார். முடியாது என்று நானும் சொன்னேன். வெள்ளையும் மஞ்சளுமாக இரண்டையும் துடைத்துக் கொடுத்தபோது, கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஒருமுறை, மாட்டிக்கொண்டு ஒருமுறை படித்தார். அவரே கொண்டுவந்திருந்த பெட்டியில் படுக்கவைத்து, நீல நாடா கட்டினார். பஸ் ஓட்டின கைக்கு முடிச்சு ஒழுங்காக விழவில்லை. நான் கட்டிக் கொடுத்தேன்.

இருபத்து மூன்றாம் தேதி சனிக்கிழமை. பிடல்ஃபுக்கு நானே காரில் கூட்டிக்கொண்டு போகிறேன் என்றேன். கடையை மைத்துனனிடம் விட்டேன். நெவில் மடியில் பெட்டி, அதன்மேல் ஓட்கேக் ஒரு டஜன். நம் தோசையைப் போலவே இருக்கும், சூடு பண்ணி சீஸ் வைத்துச் சுருட்டித் தின்பார்கள். கெய்ல் சின்ன வயதில் ஒரே மூச்சில் நாலு தின்பாளாம். வழியெல்லாம் அதையே மூன்று தரம் சொன்னார்.

"வர்றோம்னு சொல்லிட்டீங்களா?" என்றேன்.

"சொன்னேன். 'வாங்க'ன்னா. அப்புறம் 'சாப்பிட்டு வருவீங்களா, இங்க சாப்பிடுவீங்களா'ன்னா. 'இங்க'ன்னுட்டேன். சரிதானே?"

"சரிதான்."

"ரொம்ப உரிமை எடுத்துக்கிட்ட மாதிரி இருக்குமோ?"

"நெவில், அவ உங்க மக."

கெய்லின் வீடு வரிசை வீடுகளில் ஐந்தாவது. வாசலில் ஒரு சின்னச் சிவப்புக் கார் நின்றது. நெவில் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார். முகம் விழுந்துவிட்டது.

"கார் இல்லையே. வெளிய போயிட்டா போலிருக்கு. மறந்திருப்பா."

அதற்குள் கதவு திறந்தது. கெய்ல் அப்பனைப் போலவே உயரம். "உள்ள வாங்கப்பா, குளிருது" என்றாள். கட்டிப்பிடிக்கவில்லை. ஆனால் அவர் கோட்டை வாங்கி மாட்டும்போது தோளில் ஒரு தட்டுத் தட்டினாள். நெவில் அந்தத் தட்டு விழுந்த இடத்தை அசைக்காமல் வைத்துக்கொண்டு சமையலறைக்குள் நடந்தார்.

மேசையில் மூன்று தட்டு, ஒரு கேக். நான் வெளியே இருக்கிறேன் என்றதற்கு அவள் விடவில்லை. டீ ஊற்றினாள். நெவில் பொறுக்கமாட்டாமல் பெட்டியைத் தள்ளினார். "பிரிச்சுப் பாரு."

நாடாவை அவிழ்த்தாள். மூடியை எடுத்தாள்.  பிறகு ஒரு விரலால் எழுத்தைத் தடவினாள்.

"எனக்காப்பா? நெசமாவா?"

"அம்பது ஆச்சுல்ல."

"பைத்தியம்" என்றாள் சிரித்து. கண் நிறைந்திருந்தது. நெவில் என்னைப் பார்த்து ஒரு புருவத்தைத் தூக்கினார். பார்த்தாயா, குளிர்க்கோட்டு வாங்கச் சொன்னாயே என்று அர்த்தம். அவர் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை. அந்த இடத்திலேயே எழுந்து வந்திருக்கலாம்.

"ஏம்ப்பா பத்தொன்பது?"

"உன் கார் பத்தொன்பதுதானேம்மா."

"என் கார் பதிமூணு. வாசல்ல நிக்குதே, சிவப்பு." சொல்லிக்கொண்டே அவள் முகத்தில் சிரிப்பு குறைந்தது. என்னைப் பார்த்தாள். "இத அதுல மாட்ட முடியாதுல்ல?"

"முடியாது" என்றேன். ஆயிரம் பேரிடம் விறைப்பாகச் சொன்ன சொல். அன்றைக்குத்தான் அது வாயில் கசந்தது.

"அப்ப உன் சாம்பல் கார்?" என்றார் நெவில்.

"அது எங்க இருக்கு இப்ப? அத வித்து ரெண்டரை வருஷம் ஆச்சு. அங்க வேலைய விட்டு எடுத்துட்டாங்க, கார வச்சுக்க முடியல. இப்ப காங்கிள்டன்ல வேலை. ஏழரைக்கெல்லாம் கிளம்பிடுவேன். உங்க பக்கம் வர்றதே இல்ல."

"இல்லம்மா" என்றார் நெவில். பிள்ளைகளிடம் பேசுகிற பொறுமையான குரல். "நீ வர்ற. எட்டு இருபதுக்கு. நேத்துகூட வந்தியே. கை காட்டினியே."

 கெய்ல் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"நம்பர் சொல்லுங்க" என்றாள்.

சொன்னார். ஒரு எழுத்துத் தவறாமல் சொன்னார்.

"அது என் பழைய கார்தான்ப்பா. பர்ஸ்லெமுலயே யாரோ ஒரு பொம்பளைக்குத்தான் போச்சுன்னு விக்கிறவர் சொன்னார். நம்பர் காரோடதானே போகும்."

எனக்கே அப்போதுதான் உறைத்தது. என் தொழிலே இது. ஒரு நாளைக்கு நாலு பேருக்கு இதைத்தான் விளக்குகிறேன். கண்ணெதிரே ஒரு மனிதர் ரெண்டரை வருடமாக நம்பரைப் பார்த்துக் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார், எனக்கு ஒருநாள்கூடத் தோன்றவில்லை.

"கண்ணாடியில வெயில் அடிக்கும்" என்றார் நெவில், யாரோ அவரைத் திட்டியதுபோல. "முகம் தெரியாது."

கெய்ல் மேசையைப் பார்த்துக்கொண்டு பேசினாள். குரலை உயர்த்தவில்லை. "நான் அந்தப் பக்கம் வர்றத நிறுத்தினப்போ நீங்க கேப்பீங்கன்னு நெனச்சேன். ஒரு வாரம் பாத்தேன். ஒரு மாசம் பாத்தேன். 'என்னம்மா, காணோமே'ன்னு ஒரு ஃபோன். பிறந்தநாளுக்குக் கூப்பிட்டீங்க, மழையான்னு கேட்டீங்க. அத மட்டும் கேக்கல. சரி, நான் வந்தாலும் ஒண்ணு, வராட்டியும் ஒண்ணுன்னு நெனச்சுக்கிட்டேன். அம்மா போனப்பவும் கூப்பிடத் தோணல, இப்பவும் தோணலன்னு."

"நான் ஏம்மா கேக்கணும்?" என்றார் நெவில். "நீதான் தினமும் வந்துக்கிட்டிருந்தியே."

கெய்ல் எழுந்து போய்க் குழாயைத் திறந்துவிட்டு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். திரும்பி வந்தபோது, "டீ ஆறிப்போச்சு, வேற போடறேன்" என்றாள். போட்டாள். கேக் வெட்டினாள். ஓட்கேக்கைச் சூடு பண்ணினாள். நாலு தின்னவில்லை, ஒன்று தின்றாள். காங்கிள்டன் பற்றிக் கொஞ்சம், பள்ளிப் பிள்ளைகள் பற்றிக் கொஞ்சம், குளிர் பற்றி நிறையப் பேசினோம். கிளம்பும்போது நெவில் பெட்டியைக் கையில் எடுத்தார்.

"எங்க எடுத்துக்கிட்டுப் போறீங்க?" என்றாள் கெய்ல்.

"உதவாதேம்மா. வேற ஏதாவது..."

"பத்து வருஷம் செல்லும்னு போட்டிருக்கு. இங்கயே இருக்கட்டும்." வாங்கி வைத்துக்கொண்டாள். வாசல் வரை வந்தாள். சிவப்புக் காரைச் சுற்றிக்கொண்டு போகும்போது நெவில் குனிந்து அதன் நம்பரைப் படித்தார். உதடு அசைவதைப் பார்த்தேன்.

திரும்பும் வழியில் எனக்குக் கோபம் பொங்கியது. யார்மேல் என்று தெரியாத கோபம். ஒரு குடும்பத்தில் இரண்டு பேர், இருவர் வாயிலும் பூட்டு. எங்கள் தமிழ் வீடுகளில் என்றால் கத்திக் கூச்சல் போட்டு, பக்கத்து வீட்டுக்காரனையும் இழுத்துவிட்டு, சாயங்காலம் சோறு தின்றிருப்பார்கள். அதையெல்லாம் சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் பேசினார்.

"அவ வரலைங்கிறது கூடப் பரவாயில்ல, சென். அந்த ரெண்டரை வருஷமும் நான் தனியா இல்லன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன். ஞாயித்துக்கிழமை ராத்திரி படுக்கும்போது, விடிஞ்சா எட்டு இருபதுன்னு நெனைப்பேன். நல்லா இருந்துச்சு. இப்ப அதையும் திருப்பிக் குடுன்னு கேக்கிற மாதிரி இருக்கு."

 அவர் வீட்டு வாசலில் இறக்கிவிட்டேன். உள்ளே விளக்கு எரிகிற வரை காரில் உட்கார்ந்திருந்தேன்.

திங்கட்கிழமை காலை நான் எட்டு மணிக்கே கடையைத் திறந்துவிட்டேன். நெவில் வழக்கம்போல வந்து நின்றார். எட்டு இருபதுக்குச் சாம்பல் கார் வந்தது. நடுச்சாலையில் கம்போடு நின்றவர் அதைப் பார்க்காமல் எதிர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். பிள்ளைகள் கடந்தார்கள். காருக்குள் கை எழுந்தது, காத்திருந்தது. பிறகு ஜன்னல் கண்ணாடி இறங்கியது. நாற்பது வயதுப் பெண் ஒருத்தி தலையை நீட்டினாள்.

"என்ன கண்ணு, உடம்பு சரியில்லையா?"

நெவில் அவள் முகத்தைப் பார்த்தார். முதல்முதலாகப் பார்க்கிறார். "நல்லாருக்கேன். நீங்க நல்லாருக்கீங்களா?" என்றார். பின்னால் ஹாரன் அடித்தது. அவள் போய்விட்டாள். மறுநாள் அவளுக்குக் கை காட்டினார். "அந்தப் பொம்பள என்ன பண்ணுவா, பாவம். நிறுத்தினா மனசு வருத்தப்படும்" என்று என்னிடம் சொன்னார். ஆனால் காட்டின கையில் பழைய உயரம் இல்லை. ஒன்பதுக்குக் கடைக்குள் வந்து டீ குடித்துவிட்டுச் சாவிக்கொத்து எதுவும் வாங்காமல் போனார்.

வியாழக்கிழமை கடைக்கு ஃபோன் வந்தது. பெட்டிக்குள் இருந்த பில்லில் கடை நம்பர் இருந்ததாம். கெய்ல்.

"எங்கப்பா இன்னும் அங்கதான் நிக்கிறாரா?"

"ஆமா. கண்ணாடி வழியாத் தெரியிறார்."

"எத்தன மணி வரைக்கும் நிப்பார்?"

"ஒன்பது."

"மழையிலயும்?"

"மழையிலயும்."

  "சரி. நான் கேட்டேன்னு அவர்கிட்டச் சொல்லாதீங்க" என்றாள்.

சொல்லாமல் இருக்க நான் என்ன பாதிரியாரா? இந்தக் குடும்பத்தில் சொல்லாமல் விட்டது ஏற்கெனவே போதாதா? கடையைத் திறந்தபடி போட்டுவிட்டு, கோட்டுகூடப் போடாமல் சாலையைக் கடந்தேன்.

"நெவில், கெய்ல் ஃபோன் பண்ணினா."

"யாருக்கு?"

"எனக்கு. நீங்க எத்தன மணி வரைக்கும் நிப்பீங்கன்னு கேட்டா. மழையிலயும் நிப்பாரான்னு கேட்டா."

கம்பை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். "அவளாவா கேட்டா? நீ ஏதாவது பேச்சுக் குடுத்தியா?"

"அவளாத்தான்."

"நீ என்ன சொன்ன?"

"மழையிலயும் நிப்பார்னேன்."

"பொய் சொல்லிட்டியேடா" என்றார். "அக்டோபர்ல சளின்னு ரெண்டு நாள் லீவு போட்டேனே." ஒரு தாயும் இரண்டு பிள்ளைகளும் ஓரத்தில் வந்து நின்றார்கள். அவர் கம்பைத் தூக்கிக்கொண்டு சாலையில் இறங்கினார். பாதியில் நின்று என்னைப் பார்த்துத் திரும்பினார். "அவளாவே கேட்டாளா?" என்றார் மறுபடியும், பஸ்ஸின் கடைசி சீட்டுக்குக் கேட்கிற குரலில்.

இப்போது மார்ச் மாதம். அந்தக் குளிர்காலம் முழுக்க நெவில் ஒருநாள்கூட லீவு போடவில்லை. ஜனவரியில் காய்ச்சலோடு வந்து நின்றார். நான் திட்டியும் கேட்கவில்லை. மேட்டில் சிவப்பாக எது வந்தாலும், தபால் வண்டியாகவே இருந்தாலும், முதுகை நிமிர்த்திக்கொள்கிறார். கெய்ல் இதுவரை வரவில்லை.